மின்மாற்றியும் சிக்கனத்தின் எல்லையும்

மின்சாரத்தை இன்றைய அரபு மொழியில் 'கஹ்ரபா' என்பர். இதன் மூலம் பாரசீகம். 'காஹ்' என்பது வைக்கோல். 'ருபா' என்பது கவர்ந்து செல்வது. மரப்பிசின் பூமிக்கடியில் நெடுங்காலம் கிடந்து இறுகிக் கல்லாகிவிட்ட ஒரு பொருளைத் துணியில் தேய்த்தால் அது வைக்கோல் துரும்பைத் தன்பால் இழுக்கும். அந்தப் பொருளின் பெயரே பின்னாளில் மின்சாரத்துக்கு ஆகிவிட்டது. கிரேக்கர் அதே பொருளை 'எலெக்ட்ரான்' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தைக் குறிக்கும் சொற்கள் அதிலிருந்து கிளைத்தவை. கிழக்கும் மேற்கும் ஒரு துரும்பைப் பார்த்தே இவ்வாற்றலுக்குப் பெயரிட்டன.

மின்மாற்றிக்கு அரபியர் சூட்டிய பெயர் இன்னும் பொருத்தமானது. அதை 'முஹவ்வில்' என்கின்றனர். ஃபிக்ஹு நூல்களில் கடன் பற்றிய பாடத்தில் நாம் ஓதும் 'ஹவாலா' என்பதும் இதே வேரில் பிறந்த சொல்லே. (நாளேடுகள் இச்சொல்லின்மீது ஏற்றிவிட்ட கள்ளப்பணப் பொருளை வாசகர்கள் இங்கே மறந்துவிட வேண்டுகிறோம்.) ஒருவரின் பொறுப்பிலுள்ள கடனை மற்றொருவரின் பொறுப்புக்கு மாற்றுவது ஹவாலா. கடன் இடம் மாறுகிறது; தொகை கூடுவதில்லை. மின்மாற்றியின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இதை ஏன் விரித்துரைக்க வேண்டியுள்ளது? ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு மின்மாற்றி நிற்கிறது. எனினும் அதிலிருந்துதான் மின்சாரம் 'உற்பத்தியாகிறது' என எண்ணுவோர் படித்தவர்களிலும் உண்டு. மறுபுறம், சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டால் மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று சொல்லிச் சிறு பெட்டிகளை விற்கின்றனர். பள்ளிவாசல் நிர்வாகிகளும் அவற்றை வாங்கி மாட்டுகின்றனர். அவ்வாறு செலவாவது வக்ஃப் பணம். முத்தவல்லியின் கையிலுள்ள அமானத். மின்மாற்றியின் கணக்கு விளங்கினால் இந்தப் பெட்டியின் கணக்கும் விளங்கிவிடும்.

நம் எல்லைக்கு அப்பால், கிருஷ்ணகிரிக்கு வடக்கே சிறிது தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. பூமிக்குள் ஆழ இறங்கிய அந்தச் சுரங்கங்களுக்கு நீரிறைக்கவும் பாறை உடைக்கவும் பெரும் ஆற்றல் தேவைப்பட்டது. நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டும். காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து வீணே ஓடிக்கொண்டிருந்தது. அருவியின் ஆற்றலைச் சுரங்கத்துக்குக் கொண்டு செல்லும் திட்டத்தை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் முன்னெடுத்தார். 1902 ஜூனில் மின்சாரம் பாய்ந்தது; அதைக் காண அவர் இல்லை, முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். தடத்தின் நீளம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருவிளக்குகள் அதற்குப் பின்னரே, 1905இல் எரிந்தன.

இருபதாண்டுகளுக்கு முன்பு, 1882இல், எடிசன் நியூயார்க்கில் அமைத்த மின்நிலையம் ஏறத்தாழ ஒரு மைல் சுற்றுவட்டத்துக்கு மேல் மின்சாரம் தர இயலாமல் நின்றது. அங்கே ஒரு மைல், இங்கே 147 கிலோமீட்டர். இடையில் நிகழ்ந்தது மின்மாற்றியின் வருகை. 1885இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர் மூவர் அதற்கு நடைமுறைக்குரிய வடிவம் கொடுத்தனர்.

மின்மாற்றி என்ன செய்து தொலைவை வென்றது என்பதை ஒரு கணக்கால் காணலாம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது; வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். நூறு கிலோவாட் திறனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்ப வேண்டும் எனவும், கம்பிகளின் மொத்த மின்தடை அரை ஓம் எனவும் கொள்வோம். 400 வோல்ட்டில் அனுப்பினால் 250 ஆம்பியர் ஓடவேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு; அதாவது 31,250 வாட். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போயிற்று. அதே திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். இழப்பு 41 வாட். அதே கம்பி, அதே திறன். இழப்பு மட்டும் எழுநூற்றைம்பதில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே உற்பத்தியாகும் இடத்தில் அழுத்தத்தை உயர்த்தி, பயன்படும் இடத்தில் தாழ்த்தினால் தொலைவு ஒரு தடையாகாது. கோலார் தடம் 30,000 வோல்ட் அளவில் தொடங்கியது இதனால்தான்.

நூறாண்டு கழித்து அதே கோலாருக்கு மற்றொரு தடம் வந்தது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடந்து 2003இல் வந்து சேர்ந்த அத்தடத்தின் அழுத்தம் 5 லட்சம் வோல்ட். கோலாரிலிருந்து 400 கிலோவோல்ட் தடம் ஒசூருக்கு வருகிறது. தங்கச் சுரங்கம் 2001இலேயே மூடப்பட்டுவிட்டது.

இனி அந்தக் கருவியின் உள்ளே செல்வோம். 1831இல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்த கணத்தில் மறுசுருளுடன் இணைந்த காந்த ஊசி துடித்தது, பின் ஓய்ந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்த கணத்தில் எதிர்த்திசையில் மீண்டும் துடித்தது. மின்னோட்டம் சீராக ஓடும் வரை மறுபுறம் ஒன்றும் இல்லை. மாற்றம் நிகழும்போது மட்டுமே மின்சாரம் பிறக்கிறது. இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. முதற்சுருள் இரும்பைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தத்தின் ஏற்ற இறக்கம் இரண்டாம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது.

நொடிக்கு 50 முறை திசை மாறிச் சுழலும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கொடுத்தால் இந்தத் துடிப்பு ஓயாமல் நடக்கும். எடிசனின் நேர்மின்னோட்டத்துக்கு மின்மாற்றி பயன்படாததன் காரணம் இதுவே. (தால்ச்சர்–கோலார் தடம் நேர்மின்னோட்டத் தடமாயிற்றே என வாசகர் கேட்கலாம். அங்கும் அழுத்தத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இருமுனையிலுள்ள மின்மாற்றிகளே. இடைவழியில் மட்டுமே நேர்மின்னோட்டம் ஓடுகிறது.)

எத்தனை சுற்றுகள் என்பதே விகிதத்தை முடிவு செய்கிறது. தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகத் தருகிறது. 433 என்பது இரு முனைகளுக்கு இடையிலான அழுத்தம். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250. மேற்சுருளில் 44 சுற்றுக்குக் கீழ்ச்சுருளில் ஒரு சுற்று என அமைத்தால் இது கிடைத்துவிடும். அழுத்தம் 44இல் ஒன்றாகக் குறையும்போது கீழ்ச்சுருள் தாங்கும் மின்னோட்டம் 44 மடங்காகிறது. ஆகவே கீழ்ச்சுருளின் கம்பி தடித்தும் மேற்சுருளின் கம்பி மெலிந்தும் இருக்கும்.

வோல்ட்டில் இழந்ததை ஆம்பியரில் பெறுகிறோம்; பெருக்குத்தொகை இருபுறமும் ஒன்றே. நாணய மாற்று பற்றிய 'ஸர்ஃப்' பாடத்தில் பொன்னுக்குப் பொன் மாற்றும்போது இரு நிபந்தனைகள் உண்டு: சம அளவாக இருக்கவேண்டும், கைக்குக் கையாக அதே அமர்வில் முடியவேண்டும். மார்க்கச் சட்டத்தை இரும்புப் பெட்டிக்குப் பொருத்துவது நம் நோக்கமன்று. ஆனால் மின்மாற்றி இவ்விரு நிபந்தனைகளையும் மீறுவதில்லை. தன்னிடமிருந்து ஒரு வாட் கூடுதலாகத் தராது. எதையும் சேமித்து வைத்துப் பின்னர் தருவதும் அதனால் ஆகாது. வாங்கிய கணத்திலேயே கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை நாம் பின்னால் பேசவிருக்கும் சிக்கலுக்கு வேர்.

'சம அளவு' என்பதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். மாற்றித் தருபவன் தன் கூலியை எடுத்துக்கொள்கிறான். கூலி இரு வகை. முதலாவது, சுருள்களின் மின்தடையால் எழும் வெப்பம். இது பளுவுக்கேற்ப, அதாவது தெருவில் எத்தனை விளக்கும் மோட்டாரும் ஓடுகின்றன என்பதற்கேற்பக் கூடும், குறையும். பளு பாதியானால் இது காற்பங்காகும். இரண்டாவது, இரும்பின் கூலி. நொடிக்கு 50 முறை இரும்பை ஒருபுறம் காந்தமாக்கி, மறுபுறம் புரட்டவேண்டும். ஒவ்வொரு புரட்டலிலும் இரும்பு சற்றுத் தயங்குகிறது. தயக்கத்தை வெல்லச் சிறிது ஆற்றல் போகிறது. மேலும் இரும்பும் ஒரு கடத்தி ஆதலால் அதற்குள்ளேயே சுழல்போல் மின்னோட்டங்கள் எழுந்து வெப்பமாகின்றன. இச்சுழல்களைத் தடுக்கவே உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல், சிலிக்கான் கலந்த எஃகைக் கால் மில்லிமீட்டர் அளவுத் தகடுகளாக உருட்டி, ஒன்றையொன்று மின்வகையில் தொடாதபடி அடுக்குகின்றனர். மின்மாற்றிக்கு அருகில் நின்றால் கேட்கும் முரல் ஒலி, இந்தத் தகடுகள் காந்தத்தால் நொடிக்கு நூறு முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் எழுவது. உள்ளே நிரப்பியுள்ள எண்ணெய், மின்காப்பாகவும் வெப்பத்தை வெளிச் சுவருக்குக் கொண்டு சேர்க்கும் ஊடகமாகவும் விளங்குகிறது.

இரும்பின் கூலிக்குப் பளு ஒரு பொருட்டன்று. தெருவில் ஒரு விளக்கும் எரியாத நேரத்திலும் அது போய்க்கொண்டே இருக்கும். பழைய இந்தியத் தர அளவின்படி 100 கே.வி.ஏ. மின்மாற்றியொன்றின் சும்மா இருக்கும் இழப்பு 260 வாட். முழுப் பளுவில் சுருள் இழப்பு 1,760 வாட். முழுப் பளுவில் இரண்டும் சேர்ந்து இரு விழுக்காடு. எந்திரங்களுள் இத்தனை நேர்மையானது வேறு உண்டா என்பது ஐயமே. ஆனால் ஐந்து கிலோவாட் மட்டுமே பயன்படும் நள்ளிரவில் அதே 260 வாட் ஐந்து விழுக்காடு ஆகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் இரும்பு மட்டும் உண்பது 2,277 யூனிட்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சொந்தப் பேச்சு வந்ததும் அரசு விளக்கை அணைத்த வரலாறு நம் மிம்பர்களில் அடிக்கடி கூறப்படுவது. எண்ணெய் விளக்கை அணைத்தால் எஞ்சிய எண்ணெய் முழுவதும் மறுநாளுக்கு மிஞ்சும். மின்விளக்கை அணைத்தால் அந்த விளக்கின் வாட்டும் கம்பியில் போகும் சிறு இழப்பும் மிஞ்சும். அது மெய்யான சேமிப்பே. ஆனால் விளக்குக்குப் பின்னால் நிற்கும் மின்மாற்றி அணையாது. அதன் பின்னால் நிற்கும் துணைமின்நிலையமும் அணையாது. நம் கைக்கு எட்டும் பகுதி, எட்டாத பகுதி என இவ்வாறு ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

மற்றோர் எல்லை இதைவிடக் கடினமானது. மிஞ்சிய எண்ணெய் கிண்ணத்தில் இருக்கும். மிஞ்சிய யூனிட் எங்கே இருக்கும்? மின்கட்டமைப்பில் எந்தக் கணத்திலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருந்தாக வேண்டும். ஏறுமாறானால் 50 என்னும் அதிர்வெண் நழுவும். தமிழ்நாடு இதைக் கசப்புடன் அறிந்த காலம் ஒன்று உண்டு. 2008 நவம்பர் முதல் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய வெட்டும் நிகழ்ந்தது. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து வளர்ந்த ஒசூரின் சிறு தொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பின. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட்டுக்கு மேல் கிடைக்காது. அந்த விலையில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்து இலாபம் காண்பது எத்தகைய பாடு என்பதை அத்தொழிலாளரும் முதலாளிகளும் நன்கறிவர். வடக்கே மின்சாரம் இருந்தபோதும் அதைக் கொண்டுவரத் தடம் போதவில்லை. தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான்.

அக்காலத்தில் 'மின்சாரத்தைச் சேமிப்பீர்' என்னும் அறிவிப்பு எங்கும் ஒலித்தது. மாலை ஆறு முதல் பத்து வரை, தேவை உச்சத்தில் நிற்கையில், அணைத்த விளக்கு எங்கோ ஒரு கடைசல் எந்திரத்தை ஓடவைத்திருக்கும். காற்றாலைகள் முழுவீச்சில் சுழன்ற ஆடி மாத நடுநிசியில் அணைத்த விளக்கால் அந்தப் பயன் விளைந்திருக்காது. இன்று சூரிய ஒளி மின்சாரம் பெருகிவிட்டபின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகியுள்ளது. நண்பகலில் மிகுதி, மஃரிபுக்குப் பின் நெருக்கடி. எவ்வளவு சேமித்தோம் என்பதோடு எப்போது சேமித்தோம் என்பதும் கேட்கப்பட வேண்டியதாகிவிட்டது.

நேரத்தைப் பகிர்ந்து கொடுத்துச் சிக்கனம் செய்வதிலும் ஓர் இடர் உண்டு. விவசாய மின்சாரம் இலவசமான 1990க்குப் பிறகு கிணறுகளும் ஆழ்துளைகளும் பெருகின. மும்முனை மின்சாரம் சில மணி நேரம் மட்டுமே வரும் ஊரில், அது வந்த கணத்தில் தானியங்கி ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார்கள் யாவும் ஒருசேரக் கிளம்புகின்றன. கிளம்பும் நேரத்தில் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மின்மாற்றியின் சுருள்களைச் சுற்றியுள்ள காகித மின்காப்பு, வெப்பநிலை ஆறு முதல் எட்டுப் பாகை கூடும்தோறும் தன் ஆயுளில் பாதியை இழக்கும். 'டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது' என்று ஊரார் சொல்லும் நிகழ்ச்சிகள் பலவற்றின் பின்னால் ஆண்டுக்கணக்கில் கருகிய காகிதம் இருக்கிறது. வெயிலில் வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயியிடம், மோட்டாரைப் பத்து நிமிடம் தாமதித்துப் போடுங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆயினும் மாற்று மின்மாற்றி வரும்வரை ஊர் முழுதும் காத்திருப்பது அதனினும் கொடிது.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். அதைத் திறந்தால் உள்ளே ஒரு மின்தேக்கியும், எரிந்து காட்டும் சிறு விளக்கும் இருக்கும். மின்தேக்கி ஏமாற்றுப் பொருளன்று. அதற்கு மெய்யான வேலை உண்டு. மோட்டார் தன் காந்தத்தை எழுப்ப ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கடனாகப் பெற்று, நொடியின் நூறில் ஒரு பாகத்துக்குள் திருப்பித் தந்துவிடுகிறது. இந்த 'கர்ளு' வேலை எதையும் செய்வதில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் கம்பியையும் மின்மாற்றியையும் சூடாக்குகிறது. மின்தேக்கியை மோட்டாருக்கு அருகிலேயே வைத்தால் கடன் அங்கேயே கொடுத்து வாங்கப்படும். 40 கிலோவாட் மோட்டார்ப் பளுவுள்ள பட்டறையின் திறன் காரணி 0.7 ஆனால் மின்மாற்றி 57 கே.வி.ஏ. சுமக்கும்; அதை 0.95 ஆக்கினால் 42 போதும். அப்பளுவால் ஏற்படும் சுருள் இழப்பு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே தொழிற்சாலைக்கு இது இன்றியமையாதது. திறன் காரணி தாழ்ந்தால் மின்வாரியம் அபராதமும் விதிக்கிறது.

வீட்டிலும் பள்ளிவாசலிலும் உள்ள மீட்டரோ யூனிட்டை மட்டும் எண்ணுகிறது. திருப்பித் தரப்படும் கடனை அது முன்பும் எண்ணவில்லை; பெட்டி வந்தபின் எண்ணாமல் விடுவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சிறு விளக்கு எரியும் செலவு மட்டும் கூடுகிறது. பெட்டி மாட்டிய மாதம் கட்டணம் குறைந்தது எனச் சான்று கூறுவோரிடம் அது எந்த மாதம் எனக் கேட்கவேண்டும். ரமளானின் தராவீஹும் ஸஹர் நேர விளக்குகளும் முடிந்து ஷவ்வால் பிறந்தால் எந்தப் பள்ளிவாசலிலும் கட்டணம் குறையும்.

அப்படியாயின் பள்ளிவாசல் எதைச் செய்தால் சேமிப்பு கிட்டும்? வுளூவில் தொடங்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. முத்தின் அளவில் ஹனஃபிகளுக்கும் ஷாஃபிஈகளுக்கும் வேறுபாடு உண்டெனினும் எவ்வகையிலும் அது ஒரு லிட்டரை ஒட்டியதே. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்னும் கருத்தில் இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பின் தொடரைப் பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு. முத்து பற்றிய செய்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்று குழாயைத் திறந்துவிட்டு ஐந்தாறு லிட்டர் செலவிடுகிறோம். ஒரு வக்துக்கு 200 பேர் வரும் பள்ளியில் அந்த மிகை ஆயிரம் லிட்டர். நம் வட்டாரத்தில் 600 அடி ஆழ்துளை இன்று அரிதன்று. அந்த ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரை உயர்த்த இயற்கை விதிப்படியே அரை யூனிட் வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரின் செயல்திறன் 40 விழுக்காடு எனக் கொண்டால் ஒன்றேகால் யூனிட் ஆகிறது. இதைக் குறைக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து மின்விசிறி. பழைய வகை 75 வாட் இழுக்கும். தூரிகையற்ற மோட்டார் கொண்ட இன்றைய வகை 30 வாட்டில் ஓடும். இருபது விசிறிகளை மாற்றி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் நாலரை யூனிட் குறையும். ஆண்டுக்கு 1,642 யூனிட். பள்ளிவாசல் ஒன்று தன் கைக்குட்பட்டு அடையக்கூடிய நல்ல சேமிப்பு இது. சில ஆண்டுகளில் விசிறியின் விலை திரும்பிவிடும். அதே தெருமுனையில் நிற்கும் பழைய தர மின்மாற்றியின் இரும்பு, ஒருவருக்கும் ஒரு விளக்கும் ஏற்றாமலே, அதே ஆண்டில் உண்பது 2,277 யூனிட். அதைக் குறைக்கும் வழியும் உண்டு. படிக ஒழுங்கற்ற உலோகத் தகட்டால் ஆன உள்ளகங்கள் அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கின்றன. 2014இல் திருத்தப்பட்ட இந்தியத் தர அளவு, இழப்பின் உச்சவரம்பையும் முன்னினும் இறுக்கியுள்ளது. ஆனால் அவற்றை வாங்கி நிறுத்த வேண்டியது முத்தவல்லி அல்லர்; மின்வாரியம்.